பட்லர் தீவு நெற்பண்ணையும் 1859 ஏலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்டமகா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், டேரியன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுத் தீவு இருக்கிறது. பெயர் பட்லர் தீவு. 1790-களிலிருந்து உள்நாட்டுப் போர் (அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் 1861-65-ல் நடந்த போர்) வரை அங்கே நெல் விளைந்தது. விளைவித்தவர்களுக்குக் கூலி கிடையாது. அவர்கள் இன்னொருவரின் சொத்து. 1859-ல் அவர்களில் 400-க்கும் மேற்பட்டோரை இரண்டே நாளில் ஏலம் விட்டு விற்றார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்க அமெரிக்க வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. நெல்வயல் பார்த்திருந்தால் போதும், பாதி புரிந்துவிடும்.

பண்ணை என்றால் வெள்ளைத் தூண் வைத்த பெரிய மாளிகை இருந்திருக்குமே?

பட்லர் தீவில் அப்படி எதுவும் இல்லை. உரிமையாளர் குடும்பம் குடியிருந்தது வடக்கே பிலடெல்ஃபியாவில். தீவுக்கு எப்போதாவது வந்தால் மேலாளர் வீட்டில்தான் தங்குவார்கள். ஆறு சின்ன அறைகள், சமையலறை வெளியே தனியாக. ஏறத்தாழ 1,500 ஏக்கர் வயல், அதற்குள் நான்கு குடியிருப்புகள். ஒரு குடிசை 12 அடிக்கு 15 அடி. அதில் பல நேரம் இரண்டு குடும்பங்கள், எட்டுப் பத்துப் பேர்.

இதே குடும்பத்துக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் சைமன்ஸ் தீவின் வட முனையில் ஹாம்ப்டன் என்ற இன்னொரு பண்ணையும் இருந்தது. அங்கே நீண்ட இழைப் பருத்தி. இரண்டுக்கும் நடுவே படகுப் போக்குவரத்து. ஆட்களையும் தேவைக்கேற்ப இங்கும் அங்கும் மாற்றுவார்கள்.

யார் இந்த பட்லர்?

இரண்டு பியர்ஸ் பட்லர்கள் இருக்கிறார்கள். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

மூத்தவர் 1744-ல் அயர்லாந்தில் பிறந்தவர். பிரிட்டிஷ் படை அதிகாரியாக அமெரிக்கா வந்து, தென் கரோலினாவில் மிடில்டன் என்ற பெரும் பணக்காரக் குடும்பத்தில் பெண் எடுத்தார். படைப் பதவியை விற்றுவிட்டுப் பண்ணையார் ஆனார். 1787-ல் அமெரிக்க அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தவர்களில் இவரும் ஒருவர். அதில் இவருடைய கையெழுத்து இருக்கிறது. தப்பி ஓடும் அடிமை எந்த மாநிலத்துக்குப் போனாலும் உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதியைச் சாசனத்தில் சேர்க்க முன்மொழிந்தவரும் இவர்தான். எத்தனை பேருக்கு ஒரு பிரதிநிதி என்று கணக்குப் போடும்போது கறுப்பின மக்களையும் வெள்ளையருக்குச் சமமாக எண்ண வேண்டும் என்று அங்கே வாதாடினார். அவர்களுக்கு ஓட்டு வாங்கித் தர அல்ல. தன்னைப் போன்ற பண்ணையார்களின் பலத்தைக் கூட்ட. தலையை எண்ணும்போது மட்டும் முழு மனிதர், மற்ற நேரத்தில் சொத்து. இந்த ஒரு வாதத்தைப் படித்தாலே அந்த மனிதரை எனக்குப் புரிந்துவிடுகிறது.

அவர் 1822-ல் இறந்தார். பேரன்கள் தாய்வழியில் வந்தவர்கள், குடும்பப் பெயர் மீஸ். பட்லர் என்று பெயரை மாற்றிக்கொண்டால்தான் சொத்து என்பது தாத்தா வைத்த நிபந்தனை. அப்படிப் பெயர் மாற்றிக்கொண்டவர்தான் இளைய பியர்ஸ் பட்லர், 1810-ல் பிறந்தவர். 1836-ல் பண்ணைகள் அவருக்கும் அவருடைய சகோதரர் ஜானுக்கும் வந்து சேர்ந்தன. ஏலம் விட்டவர் இவர்.

கடலோரத்தில் நெல்லா? உப்புநீர் ஏறாதா?

நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். நல்ல கேள்வி.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏறும்போது ஆற்றின் நன்னீரைப் பின்னுக்குத் தள்ளும். ஆற்று மட்டம் உயரும். முகத்துவாரத்திலிருந்து சரியான தூரத்தில் வயல் இருந்தால், உயர்ந்து நிற்பது நன்னீராகவே இருக்கும். அந்த நேரத்தில் மதகைத் திறந்தால் ஏற்றமும் வேண்டாம், இறைக்கவும் வேண்டாம், வயல் தானே நிறையும். கடல் வற்றியதும் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்தால் தண்ணீர் தானே வடியும். இடம் கொஞ்சம் கீழே தள்ளிப் போனால் உப்பு ஏறிப் பயிர் கருகும். ரொம்ப மேலே போனால் மட்டம் உயராது. ஆல்டமகா ஆற்றில் அந்தச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது பட்லர் தீவு.

மதகு என்றால் இங்கே கரைக்கு அடியில் புதைத்த நீளமான மரப்பெட்டி, இரண்டு முனையிலும் கதவு. அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள். நம் ஊர் நீர்க்கட்டியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போது விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும், எப்போது வடிக்க வேண்டும் என்பது அவர் கையில். நாற்று நடுவது கிடையாது, நேரடி விதைப்பு. விதைத்தவுடன் ஒரு முறை தண்ணீர் கட்டி முளைக்க விடுவார்கள். பிறகு களையும் பூச்சியும் சாக ஆழமாக ஒரு முறை. அப்புறம் வடித்து, மண்வெட்டியால் கொத்திக் களை எடுப்பார்கள். கதிர் பிடிக்கும் காலத்தில் தாள் சாயாமல் இருக்க மறுபடியும் நீர், அறுவடை வரை.

இந்த வயலெல்லாம் ஒரு காலத்தில் சதுப்புக் காடு. மரங்களை வெட்டி, வேர்களைப் பிடுங்கி, சேற்றை வெட்டிக் கரை போட்டு, வாய்க்கால் இழுத்தது முழுக்க அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் கை. மலேரியா, பாம்பு, இடுப்பளவுச் சேறு. கரையை ஒரு முறை போட்டால் முடிந்ததா என்றால் இல்லை, ஒவ்வொரு புயலுக்கும் உடையும்.

நெல் விவசாயம் வெள்ளையருக்கு எப்படித் தெரிந்தது?

அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல், காம்பியா ஆறுகளிலிருந்து சியரா லியோன் வரையுள்ள கரையில், ஆப்பிரிக்கர்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்களுடைய சொந்த நெல் இனத்தை விளைவித்துவந்தார்கள். ஓதம் ஏறும் சதுப்பில் கரை போட்டு உப்பைத் தடுக்கும் வித்தையும் அங்கே இருந்தது. கடலோரப் பண்ணையார்கள் அந்தப் பகுதியிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களைத் தேடி வாங்கினார்கள். மர உரலும் உலக்கையும், கோரைப்புல்லில் சுற்றிச் சுற்றிப் பின்னிய அகலமான முறமும் அவர்களோடு வந்தவை. நெல் குத்தும் வேலையின் கடுமை நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். பகல் முழுக்க வயலில் நின்ற பிறகு இதுவும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு நீராவி ஆலை வந்தது. அதன் புகைக்கூண்டு இன்றும் நிற்கிறது.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

நெற்பண்ணைகளில் அளவு வைத்து வேலை கொடுப்பார்கள். இன்று இத்தனை கொத்த வேண்டும், இத்தனை அறுக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு அளவு. பெரும்பாலும் கால் ஏக்கர் என்பது கணக்கு. முடித்தவர் மீதி நேரத்தில் தன் தோட்டத்தைப் பார்க்கலாம், மீன் பிடிக்கலாம், கோழி வளர்க்கலாம். முட்டையும், மெத்தைக்கு அடைக்கும் மரப்பாசியும் டேரியனில் விற்றுச் சில காசு பார்த்தவர்கள் உண்டு. இதைச் சிலர் சலுகையாகச் சொல்கிறார்கள். அன்றைய அளவை முடிக்காதவருக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாட்டை.

அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. வயலில் வேலை வாங்கும் கங்காணி 12 அடி வரை அடிக்கலாம். தலைமைக் கங்காணி 36. மேலாளர் 50. கங்காணியும் அடிமையாக்கப்பட்ட ஒருவர்தான். தன் மக்களையே அடிக்கும் வேலை அவருக்கு.

சாப்பாடு மக்காச்சோளக் குருணை. முதல் வேளையே நண்பகலில்தான். விடியலில் வயலில் இறங்கியவர்கள் அதுவரை வெறும் வயிறு. விளைவித்த அரிசியில் நல்லது அத்தனையும் கப்பலேறியது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

முக்கியமாக ஒரு பெண் எழுதிய நாட்குறிப்பிலிருந்து. ஃபேனி கெம்பிள் லண்டன் நாடக மேடையின் புகழ்பெற்ற நடிகை. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இளைய பட்லரைச் சந்தித்து 1834-ல் மணந்தார். 1838 டிசம்பர் கடைசியில் கணவருடன், இரண்டு பெண்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு, தீவுக்கு வந்து சுமார் நான்கு மாதம் இருந்தார். பார்த்ததையெல்லாம் ஒரு தோழிக்கு எழுதும் கடிதங்களாக எழுதிவைத்தார். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-ல், தெற்கின் பக்கம் இங்கிலாந்தில் அனுதாபம் கூடிய நேரத்தில், அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

நம்பலாமா? அவரும் தன் காலத்து வெள்ளைப் பெண்தான். ஆப்பிரிக்கர்களின் தோற்றத்தையும் பேச்சையும் பற்றி அவர் எழுதியிருக்கும் சில வரிகள் படிக்கவே சங்கடமானவை. ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். வந்து பேசிய ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் எழுதிவைத்தார். பண்ணையின் கணக்குப் புத்தகத்தில் விலையோடு இருந்த பெயர்கள், இவருடைய குறிப்பில் வலியோடு இருக்கின்றன. அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அலெக் என்ற பதினாறு வயதுப் பையன் எழுத்துக் கற்றுத்தரச் சொல்லி அவரிடம் கேட்டான். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது ஜார்ஜியாவில் குற்றம். மணமான பெண்ணுக்குச் சொந்தமாகச் சொத்து கிடையாது, அதனால் அபராதம் விழுந்தால் கணவர் தலையில்தான் விழும் என்று யோசித்துவிட்டுக் கற்றுத்தர ஒப்புக்கொண்டார்.

பெண்களின் நிலை என்ன?

அந்த நாட்குறிப்பில் எனக்குத் தாங்க முடியாத பக்கம், ஒரே நாளில் அவரைப் பார்க்க வந்த பெண்களின் பட்டியல். ஃபேனி என்ற பெண்ணுக்கு (கெம்பிளுக்கும் அதே பெயர், இவர் வேறு) ஆறு குழந்தைகள், ஒன்று தவிர எல்லாம் இறந்தன. நானிக்கு மூன்று, இரண்டு இறந்தன. லியாவுக்கு ஆறு, மூன்று இறந்தன. சோஃபிக்குப் பத்து, ஐந்து இறந்தன. சாராவுக்கு நான்கு கருச்சிதைவு, ஏழு குழந்தைகள், ஐந்து இறந்தன. சூக்கிக்குப் பதினொன்று, ஐந்து இறந்தன. இன்னும் நீள்கிறது.

அவர்கள் வந்தது விடுதலை கேட்டு அல்ல. பிள்ளை பெற்ற மூன்றாம் வாரத்தில் மண்வெட்டியோடு வயலில் இறங்க வேண்டும் என்பது விதி. அதை நான்கு வாரமாக்கித் தரச் சொல்லி எஜமானரிடம் பேசும்படி கேட்டு வந்தவர்கள் உண்டு. ஒரு வாரம். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளை எப்படிப் பொத்திப் பொத்திப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வாரத்தின் அர்த்தம் தெரியும். கெம்பிள் இப்படிக் கணவரிடம் கொண்டுபோன மனுக்கள் கூடிக்கொண்டே போக, கடைசியில் இனி எந்த மனுவும் கொண்டுவரக் கூடாது என்று பட்லர் தடுத்துவிட்டார்.

மேலாளர் என்று ஒருவர் வருகிறாரே, அவர் யார்?

ராஸ்வெல் கிங். தந்தை, மகன் இருவருக்கும் ஒரே பெயர். 1802-லிருந்து 1838 வரை இவர்கள் இருவர்தான் பண்ணையை நடத்தினார்கள். உரிமையாளர் பிலடெல்ஃபியாவில் இருந்ததால் இவர்கள் வைத்ததே சட்டம். தந்தை கிங் பிறகு வடக்கு ஜார்ஜியாவில் ஓர் ஊரை நிறுவினார். ராஸ்வெல் என்ற அந்த ஊர் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

தலைமைக் கங்காணி ஃப்ராங்கின் மனைவி பெட்டியை இந்தக் குடும்பத்து மேலாளர் பலவந்தமாக எடுத்துக்கொண்டார். அவருக்குப் பிறந்த மகன் ரென்டி பண்ணையிலேயே அடிமையாக வளர்ந்தான். ஃப்ராங்க் அங்கே மற்றவர்களை விட மேலான பதவியில் இருந்தவர். அவரால் தன் மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை. ஜூடி, சில்லா என்ற இரு பெண்களுக்கு மேலாளரால் குழந்தை பிறந்தது. அதற்காக மேலாளரின் மனைவி அவர்களுக்குச் சாட்டையடி கொடுக்க வைத்தார்.

இன்னொன்று. மகன் கிங் வேலையை விட்டு அலபாமாவுக்குக் கிளம்பியபோது, பட்லர் அவருக்கு ஒரு பிரிவுப் பரிசு கொடுத்தார். பரிசு, ஜோ என்ற மனிதர். ஜோவுக்கு சைக்கி என்ற மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும் இருந்தார்கள். அலபாமா போக மாட்டேன், செத்துவிடுவேன் என்று அவர் கதறியதைக் கெம்பிள் கேட்டார். கெம்பிள் அழுது மன்றாடிய பிறகு பட்லர் இறங்கிவந்து, அந்தக் குடும்பம் பிரியாமல் இருக்க ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர் என்று சொல்லத் தோன்றலாம். அவரைப் பரிசாகக் கொடுத்தவரும் இதே நல்ல மனிதர்தான்.

யாரும் தப்பிக்க முயலவில்லையா?

முயன்றார்கள். சுற்றிலும் சதுப்பு, ஆறு, கடல், பிடிபட்டால் சாட்டை. ஆனாலும் 1815 தொடக்கத்தில், பிரிட்டனோடு நடந்த போரின்போது, பிரிட்டிஷ் கடற்படை செயின்ட் சைமன்ஸ் தீவில் இறங்கியது. கப்பலில் ஏறினால் விடுதலை என்று அறிவிப்பு. பட்லர் பண்ணையிலிருந்து மட்டும் 138 பேர் ஏறிப் போனார்கள். போனவர்களில் பலர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குடியேறினார்கள். வாய்ப்பு ஒன்று வந்ததும் எத்தனை பேர் கிளம்பினார்கள் பாருங்கள். பண்ணையில் எல்லோரும் மனநிறைவோடு இருந்தார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த எண் ஒன்றே போதும்.

1859-ல் ஏன் விற்றார்கள்?

கடன். இளைய பட்லர் சூதாட்டத்திலும் பங்குச் சந்தையிலும் பணத்தைத் தொலைத்தார். 1856-ல் அவருடைய சொத்து நிர்வாகமே அறங்காவலர்கள் கைக்குப் போனது. 1857-ல் பொருளாதாரச் சரிவு வந்து மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போனது. பிலடெல்ஃபியா மாளிகையை விற்றார்கள், போதவில்லை.

கெம்பிள் இதற்குள் அவரை விட்டுப் போய்விட்டார். 1849-ல் மணமுறிவு, பெண்பிள்ளைகள் அன்றைய வழக்கப்படி தந்தையிடம்.

இரு பண்ணைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 900 பேர் இருந்தார்கள். சகோதரர் ஜான் 1847-ல் இறந்துவிட்டதால் பாதிப் பேர் அவருடைய குடும்பத்தின் பங்கு. மீதிப் பாதி பியர்ஸ் பட்லருடையது. விற்க அவரிடம் மிச்சமிருந்தது மனிதர்கள்.

ஏலம் எப்படி நடந்தது?

1859 மார்ச் 2, 3 தேதிகளில், சவானா நகருக்கு வெளியே டென் ப்ரோக் குதிரைப் பந்தய மைதானத்தில். நடத்தியவர் ஜோசப் பிரையன் என்ற அடிமை வியாபாரி. வாரக்கணக்கில் நாளிதழ் விளம்பரம். நெல்லும் பருத்தியும் பழகிய ஆட்கள், கைவினைஞர்களும் உண்டு என்று போட்டிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ரொக்கம், மீதியை வட்டியோடு இரண்டு வருடத் தவணையில் கட்டலாம். தவணைக்கு ஈடு என்ன தெரியுமா? வாங்கப்படும் அந்த மனிதர்களையே அடமானம் எழுத வேண்டும்.

தீவிலிருந்து அவர்களை ரயிலிலும் நீராவிப் படகிலும் கொண்டுவந்து, குதிரைகள் கட்டும் கொட்டடிகளில் அடைத்தார்கள். ஏலத்துக்குச் சில நாள் முன்பே கொண்டுவந்ததற்குக் காரணம், வாங்குபவர்கள் வந்து பரிசோதிக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள், கையைக் காலை அழுத்திப் பார்த்தார்கள், குனிந்து நிமிரச் சொன்னார்கள். மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை.

மார்ட்டிமர் தாம்சன் என்ற நியூயார்க் செய்தியாளர் வாங்க வந்தவர் போலக் கையில் பட்டியலும் பென்சிலும் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவர் எழுதியது. பட்டியலில் எண் 5 எலைஷா. கொஞ்சம் இரக்கமானவராகத் தெரிந்த ஒரு நடுத்தர வயதுக்காரரைப் பார்த்து, அவர் தன்னையும் மனைவி மாலியையும் பிள்ளைகளையும் தானே விலை பேசினார்: நான் நல்ல நெல் வேலைக்காரன், இவளும் அப்படியே, பையன்கள் வளர்ந்துவருகிறார்கள், எங்களை வாங்குங்கள் என்று. தெரியாத கொடுமையை விடப் பார்த்தால் நல்லவராகத் தெரிபவர் மேல் என்ற கணக்கு. அந்த மனிதர் கேட்டுவிட்டு நகர்ந்து போய்விட்டார்.

ப்ரைமஸ், அவர் மனைவி டாஃப்னி, மூன்று வயது மகள் டைடோ, ஒரு கைக்குழந்தை. டாஃப்னி மேடையில் ஏறியபோது உடம்போடு ஒரு போர்வையைச் சுற்றியிருந்தார். எதற்கு மூடி வைத்திருக்கிறாய், என்ன குறை, எடு என்று கூட்டத்தில் கத்தினார்கள். பிள்ளை பிறந்து பதினைந்து நாள்தான் ஆகிறது என்று மேடையில் ஏலம் கூறியவர் விளக்க வேண்டியிருந்தது. குளிரிலும் மழையிலும் தன்னையும் குழந்தையையும் மூடிக்கொண்டதுதான் அவர் செய்த தப்பு. ஆளுக்கு 625 டாலர் வீதம் நான்கு பேரும் 2,500 டாலருக்குப் போனார்கள். பதினைந்து நாள் குழந்தைக்கும் அதே 625.

பட்டியலில் 436 பேர். விற்றது 429 பேர். மொத்தம் 3,03,850 டாலர்; ஆளுக்குச் சராசரியாக 700 டாலரைத் தாண்டுகிறது. ஒரு தாயும் வளர்ந்த ஐந்து பிள்ளைகளும் 6,180 டாலருக்குப் போனார்கள். ஒரு குடும்பத்துக்கான உச்ச விலை அது. மிகக் குறைந்த விலை, தலை நரைத்த ஆன்சன், வயலட் தம்பதிக்கு. ஆளுக்கு 250.

குடும்பங்களைப் பிரிக்காமல்தான் விற்றார்கள் என்று படித்தேனே?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

ஏலத்தின் நிபந்தனைகளில் அது உண்மையிலேயே இருந்தது. பட்லரின் பெருந்தன்மைக்குச் சான்றாக அன்றே அதைச் சொன்னார்கள், இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நிபந்தனையில் குடும்பம் என்றால் யார் யார் என்று பார்க்க வேண்டும். கணவன், மனைவி, சின்னப் பிள்ளைகள். அவ்வளவுதான். வளர்ந்த மகன் தனியாகப் போகலாம். வயதான தாய் ஒரு மாநிலத்துக்கும் மகள் இன்னொரு மாநிலத்துக்கும் போகலாம். அண்ணன், தங்கை, சித்தி, மாமா, பாட்டி, பேத்தி, இவர்கள் யாருமே குடும்பம் இல்லை.

இந்த மக்கள் இரண்டு தீவுகளில் மூன்று நான்கு தலைமுறையாக ஒன்றாக வாழ்ந்தவர்கள். ஒருவருக்கொருவர் கொள்வினை கொடுப்பினை செய்தவர்கள். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் உறவு. ஒரு கிராமத்தை அப்படியே எடுத்து, ஜார்ஜியா, கரோலினா, வர்ஜீனியா, அலபாமா, லூசியானா என்று வாரி இறைத்தால் யாரைப் பிரிக்கவில்லை என்று சொல்வது?

எண் 319, ஜெஃப்ரி, வயது 23. எண் 278, டார்கஸ். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததால் அவர்கள் குடும்பம் இல்லை. ஜெஃப்ரி முதலில் 1,310 டாலருக்கு விற்கப்பட்டார். வாங்கியவரிடம் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, டார்கஸையும் வாங்கும்படி கெஞ்சினார். அவள் நல்ல வேலைக்காரி, நாங்கள் கல்யாணம் செய்துகொள்வோம், உங்களுக்கு உண்மையாக இருப்போம் என்றார். வாங்கியவர் இசைவதுபோலத்தான் இருந்தது. மறுநாள் டார்கஸின் முறை வந்தபோது அவரைத் தனியாக விற்கவில்லை. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தோடு சேர்த்து மேடை ஏற்றினார்கள். நான்கு பேரை வாங்க ஜெஃப்ரியின் புதிய எஜமானருக்கு விருப்பமில்லை. குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்ற அதே விதிதான் அந்த இருவரையும் பிரித்தது.

ஏன் இதை அழுகைக் காலம் என்கிறார்கள்?

இரண்டு நாளும் விடாத மழை, காற்று. வானமே அழுதது என்று அந்த மக்களின் சந்ததியினர் வாய்வழியாகச் சொல்லிவந்த பெயர் அது.

ஏலம் முடிந்ததும் பட்லர் என்ன செய்தார்?

இரண்டு சாக்குப் பையில் புதிதாக அச்சடித்த 25 சென்ட் நாணயங்களைக் கொண்டுவந்து, விற்கப்பட்ட தன் பழைய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் நான்கு நாணயம், அதாவது ஒரு டாலர், கொடுத்து விடைபெற்றார். ஏலக் கூடத்தில் ஷாம்பெய்ன் திறந்தார்கள்.

கடன் தீர்ந்தது. 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், தெற்குக்கு உதவுகிறார் என்ற சந்தேகத்தில் அவரைக் கைது செய்து, சில வாரம் சிறையில் வைத்து விடுவித்தார்கள். மகள்களில் சாரா தாயின் பக்கம், ஃபிரான்சஸ் தந்தையின் பக்கம். போர் முடிந்து 1866-ல் ஃபிரான்சஸை அழைத்துக்கொண்டு தீவுக்குத் திரும்பிய பட்லர், அடுத்த வருடமே மலேரியாவில் இறந்தார். அத்தனை பேரைக் கொன்ற அதே சதுப்புக் காய்ச்சல்.

விற்கப்பட்டவர்கள் திரும்பி வந்தார்களா?

சிலர் வந்தார்கள். விடுதலை கிடைத்ததும் தூரத்து மாநிலங்களிலிருந்து வழி விசாரித்து விசாரித்துத் தீவுக்கே வந்து சேர்ந்தவர்களைப் பற்றி ஃபிரான்சஸ் எழுதியிருக்கிறார். எஜமானர் மேலுள்ள பாசம் என்று அவர் அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாயைத் தேடி, தங்கையைத் தேடி, புதைத்த பிள்ளையின் குழியைத் தேடி வேறு எங்கே போவார்கள்? பிரிந்தவர்கள் தேடிக் கண்டுபிடிக்க இருந்த ஒரே முகவரி அந்தத் தீவு.

விடுதலைக்குப் பிறகு நிலம் அவர்களுக்குக் கிடைத்ததா?

சில மாதங்களுக்குக் கிடைக்கும்போல இருந்தது. 1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் போட்ட உத்தரவு, தென் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரையுள்ள கடலோரத் தீவுகளையும் ஆற்றோர நெல் வயல்களையும் விடுதலையானவர்களுக்கு ஒதுக்கியது. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. அதே வருடத்தில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பிப் பழைய உரிமையாளர்களுக்கே கொடுத்துவிட்டார். பட்லர் திரும்பி வந்து உட்கார முடிந்தது அதனால்தான். பங்குக்குப் பயிர் செய்யும் ஏற்பாடு வந்தது, விளைச்சலில் பாதி.

இங்கே ட்யூனிஸ் கேம்ப்பெல் என்ற பெயரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நியூ ஜெர்சியில் பிறந்த கறுப்பினத் தலைவர். டேரியனில் மாஜிஸ்திரேட் ஆனார், மாநில செனட்டராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூலி ஒப்பந்தத்தில் ஏமாற வேண்டாம் என்று உழைப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பண்ணையார்கள் விடுவார்களா? வழக்கு மேல் வழக்கு. 1876-ல் அறுபது வயதைத் தாண்டிய அவரைச் சிறைக்கு அனுப்பி, வாடகைக்கு விடப்படும் கைதியாக உழைக்க வைத்தார்கள்.

ஃபிரான்சஸ் ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரை மணந்து சில ஆண்டுகள் பண்ணையை நடத்திப் பார்த்தார். கூலி கொடுத்துச் செய்யும் நெல் லாபம் தரவில்லை. இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

சவானாவில் பந்தய மைதானம் இல்லை. ஏலம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் சிறிய பூங்கா ஒன்றில், 2008-ல் நிறுவிய நினைவுப் பலகை இருக்கிறது. நூற்று நாற்பத்தொன்பது ஆண்டுகள் அதுகூட இல்லை. ஹாம்ப்டன் பண்ணை இருந்த இடம் வசதியானவர்களின் குடியிருப்பு. சிப்பிச் சுண்ணாம்பில் கட்டிய சில சுவர்த் துண்டுகள் மிச்சம்.

பட்லர் தீவுக்கு டேரியனிலிருந்து தெற்கே 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் போக வேண்டும். சாலையை ஒட்டியே நெல் ஆலையின் செங்கல் புகைக்கூண்டு, 75 அடி உயரம். பழைய படங்களில் அங்கே தெரியும் பெரிய வெள்ளை வீட்டைப் பண்ணை மாளிகை என்று நினைக்காதீர்கள்; அது 1920-களில் வேறொருவர் கட்டியது, 2024-ல் தீயில் எரிந்துபோனது. வயல்கள் இப்போது மாநில அரசின் வனவிலங்குப் பகுதி. காரை நிறுத்திக் கரைமேல் நடந்தால், நேர்கோட்டில் ஓடும் வாய்க்கால்களும் சதுரம் சதுரமான பாத்திகளும் அப்படியே தெரியும். குளிர்காலத்தில் வாத்துகள் வரும். அவற்றுக்காக அந்தப் பழைய பாத்திகளில் இன்றும் மதகைத் திறந்தும் மூடியும்தான் தண்ணீர் கட்டுகிறார்கள்.